காசு கேட்காத கணக்குப்பிள்ளை!

குரும்பலூர். பெரம்பலூரில் இருந்து துறையூர் போகும் சாலையில் உள்ள ஊர். சுற்று வட்டாரத்தில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி விளைகின்றன. ஊரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. பக்கத்துக் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வந்து படிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களில் நூலகம் என்றால் அதற்குத் தனி மதிப்பு. நூறு ரூபாய், இருநூறு ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்க எல்லோராலும் முடியாது. நூலகத்துக்குப் போனால் சும்மா படிக்கலாம்.

ஆனால் எந்தச் சின்ன நூலகத்திலும் ஒரு தொல்லை உண்டு.

"அந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று ஒரு பையன் வந்து கேட்கிறான். நோட்டில் எழுதி வைத்திருந்தால், நூலகர் தடித்த நோட்டைப் புரட்ட வேண்டும். நோட்டில் இருக்கிறது. அலமாரியில் இல்லை! யார் கொண்டு போனார்கள்? அதற்கு இன்னொரு நோட்டு. எப்போது திரும்பி வரும்? இன்னும் இரண்டு பக்கம் புரட்ட வேண்டும்.

அதற்குள் பையன் போய்விடுகிறான்.

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நூலகத் துறையின் ஐந்து விதிகளில் ஒன்று. 1931-ம் ஆண்டில் அந்த ஐந்து விதிகளை உலகத்துக்குத் தந்தவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன்! சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர்.

இன்று கம்ப்யூட்டர் இந்த வேலையைச் செய்கிறது. புத்தகத்தின் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் போதும். இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, என்று வரும் என்று சொல்லிவிடும்.

இந்தக் கணக்குப்பிள்ளையைக் கம்பெனிகள் விற்கின்றன. விலை அதிகம். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். கம்பெனி கடையை மூடிவிட்டால், நூலகத்தின் கணக்கும் அதோடு மூடிக்கொள்ளலாம்.

காசு கேட்காத கணக்குப்பிள்ளை ஒருவரும் இருக்கிறார். பெயர், கோஹா!

இரண்டு பூஜ்யம் செய்த வேலை

கோஹா பிறந்தது அமெரிக்காவில் அல்ல. லண்டனிலும் அல்ல. நியூசிலாந்து நாட்டில் ஒரு நாட்டுப்புறத்தில் பிறந்தது.

அந்தப் பகுதியின் பெயர் ஹோரோபெனுவா. காய்கறித் தோட்டங்களுக்குப் பேர் போன இடம். லெவின், பாக்ஸ்டன், ஷானன் என்ற சின்ன ஊர்களில் நூலகங்கள் இருந்தன.

1999-ம் ஆண்டில் அந்த நூலகங்களுக்கு ஒரு கவலை வந்தது. அவர்களிடம் இருந்த கணக்கு மென்பொருள் மிகவும் பழையது. பழைய மென்பொருள்கள் பல, வருஷத்தை இரண்டே எண்களில் எழுதி வைத்தன. 1998 என்றால் 98. 1999 என்றால் 99. அடுத்த வருஷம்? 00!

அது 2000-ம் ஆண்டா, 1900-ம் ஆண்டா? கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டிசம்பரில் எடுத்த புத்தகத்தை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால், அபராதக் கணக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது! உலகம் முழுவதும் பாங்குகளும் விமானக் கம்பெனிகளும் நடுங்கிய காலம் அது.

புதிய மென்பொருள் வாங்கலாம் என்று விலை விசாரித்தார்கள். சின்ன நூலகத்துக்குத் தாங்காத விலை. அதோடு, கிளை நூலகங்களுக்கு நல்ல வேகமான தனிக் கம்பி இணைப்பும் வேண்டும் என்றார்கள். அதற்கு மாதா மாதம் வாடகை!

நூலகங்களின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் ரோசலி பிளேக் என்ற அம்மையார். அவரும் அவருடன் இருந்தவர்களும், "விற்பனைக்கு இருப்பது நமக்கு ஒத்து வராது. புதிதாகச் செய்துகொள்வோம்" என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கட்டிப்போ என்ற சிறிய கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். (கட்டிப்போ என்பது அந்த நாட்டு விஷச் சிலந்தி ஒன்றின் பெயர்!) கிறிஸ் கார்மாக் என்ற இளைஞர் முக்கியப் பகுதிகளை எழுதினார். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும்படி எழுதினார். சாதாரண டெலிபோன் கம்பி மூலமே கிளை நூலகங்கள் பயன்படுத்தும்படி எழுதினார். தனிக் கம்பி தேவை இல்லை. வாடகையும் இல்லை.

2000-ம் ஆண்டு ஜனவரி மாதம், புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் புதிய கணக்குப்பிள்ளை வேலைக்கு வந்துவிட்டார்.

மொய் எழுதிய கதை

அடுத்து அவர்கள் செய்ததுதான் ஆச்சரியம்.

பணம் போட்டுச் செய்த மென்பொருளை அவர்கள் விலைக்கு விற்கவில்லை. பூட்டியும் வைக்கவில்லை. "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். திருத்திக்கொள்ளலாம். அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது, பூட்டுப் போடாமல் கொடுக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு 2000-ம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள்.

வெறும் தாராள மனசு மட்டும் அல்ல, இதில் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. ஒரே கம்பெனியை நம்பி இருந்ததால்தானே பழைய மென்பொருளோடு திண்டாட வேண்டி வந்தது? ஊரெல்லாம் பயன்படுத்தினால், பழுது பார்க்கவும் ஊரெல்லாம் ஆள் இருக்கும்.

கோஹா என்பது மவோரி மக்களின் சொல். மவோரிகள் நியூசிலாந்தின் பூர்வகுடிகள். விருந்தாளியாகப் போகிறவர், வீட்டாருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்குக் கோஹா என்று பெயர். இன்று வாங்கியவர் நாளை தானும் கொடுப்பார்.

நம் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது. மொய்!

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். அது கடன் அல்ல. சும்மாவும் அல்ல. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்களும் வந்து எழுதுவார்கள்.

கோஹாவுக்கும் அப்படித்தான் மொய் வந்தது. அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் ஒரு மாவட்ட நூலகம், நூல் விவரங்களை உலக முறைப்படி எழுதும் வசதியைப் பணம் கொடுத்துச் செய்து சேர்த்தது. சேர்த்ததை எல்லோருக்கும் கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் சிலவற்றைச் சேர்த்தார்கள். துருக்கி நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொது நூலகங்கள் கோஹாவுக்கு மாறின. இந்தியாவில் கேரளத்திலும் டில்லியிலும் நூலகங்கள் எடுத்துக்கொண்டன. 2011-ம் ஆண்டில் கோஹாக்காரர்களின் உலக மாநாடு மும்பைக்குப் பக்கத்தில் தாணே நகரில் நடந்தது.

பெயருக்கு வந்த சண்டை

அந்த மாநாடு முடிந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. நியூசிலாந்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள்.

லிப்லைம் என்பது கோஹாவை வைத்துத் தொழில் செய்த ஒரு அமெரிக்கக் கம்பெனி. 2010-ல் அதை இன்னொரு அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. 'கோஹா' என்ற பெயரை வியாபாரச் சின்னமாக நியூசிலாந்திலேயே பதிவு செய்ய மனுப் போடப்பட்டிருந்தது. 2011 நவம்பரில், மனு முதல் படியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

மென்பொருளை யாரும் பிடுங்க முடியாது. நிபந்தனை காப்பாற்றும். ஆனால் பெயர்? பெயர் போனால், பெற்றவர்களே தங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது!

மவோரி மக்களுக்கும் வருத்தம். தங்கள் மொழியில் அன்பளிப்பு என்று பொருள்படும் சொல்லுக்கு ஒரு கம்பெனி உரிமை கொண்டாடுவதா என்று கேட்டார்கள்.

சின்ன நூலகத்திடம் வக்கீலுக்குக் கொடுக்க ஏது பணம்? உதவி கேட்டு வேண்டுகோள் விடுத்தார்கள். முன்பின் பார்த்திராதவர்கள் பல நாடுகளில் இருந்து நன்கொடை அனுப்பினார்கள். கம்பெனியோ, பெயரைத் தாங்களே வைத்துக்கொள்ளப் போவதில்லை, லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்புக்குக் கொடுக்கத் தயார் என்று சொன்னது. நூலகத்தார் சமாதானம் அடையவில்லை. மனுவை எதிர்த்தார்கள்.

இரண்டு வருஷம் இழுத்தது. 2013-ம் ஆண்டு இறுதியில் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி!

சர்வர் வருகிறார்

சரி, இந்தக் கோஹாவை ஒரு ஊர் நூலகத்தில் எப்படிக் கொண்டு வந்து வைப்பது?

சர்வர் என்றால் நமக்குத் தெரியும். ஓட்டலில் இட்லி கொண்டு வருகிறவர். 'சர்வர் சுந்தரம்' படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் உலகத்து சர்வருக்கும் அதே வேலைதான். கேட்டதைக் கொண்டு வந்து கொடுப்பது. நூலகர் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் கேட்கும். வாசகர் கையில் இருக்கும் செல்போன் கேட்கும். சர்வர் பதில் கொண்டு வரும்.

அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சின்ன நூலகம் என்றால், நாலு ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர் போதும். மூலையில் கிடப்பதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

முதலில் அதில் லினக்ஸ் ஏற்ற வேண்டும். லினக்ஸ் என்பது விண்டோசைப் போல, கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. இதுவும் இலவசம். இதில் பல வகை உண்டு. கோஹாவுக்கு ஏற்றது டெபியன் என்ற வகை.

லினக்ஸ் நமக்குப் புதிது அல்ல. 2011-ம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோசோடு 'பாஸ்' என்ற லினக்சும் இருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அதுவும் டெபியனின் வாரிசுதான். வீட்டில் லினக்ஸ் இருந்தும், அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர்!

டெபியனை இணையத்தில் இருந்து இறக்கி, பென் டிரைவில் போட்டு, அதை வைத்துக் கம்ப்யூட்டரை இயக்கினால், ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். பதில் சொன்னால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கம்ப்யூட்டரில் முன்பே இருந்த போட்டோ, கடிதம், கணக்கு எல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முன்னாலேயே வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கோஹாவை வரவழைக்க வேண்டும். லினக்சில் இதற்குக் கடை கடையாகத் தேட வேண்டியதில்லை. கோஹா கிடைக்கும் கிடங்கின் முகவரியை ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டு, 'கொண்டு வா' என்று ஒரு வரி கட்டளை அடித்தால் போதும். கோஹாவும் அதற்கு வேண்டிய உதவி மென்பொருள்களும் வரிசையாக வந்து இறங்கும்.

அந்த உதவியாளர்களில் மூன்று பேர் முக்கியம். அப்பாச்சி, வாசலில் நிற்பவர். கேட்கிறவர்களுக்குப் பதில் கொண்டுபோய்க் கொடுப்பார். மரியாடிபி, கணக்கு நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர். ஜீப்ரா, தேடித் தருகிறவர். ஜீப்ரா என்றால் வரிக்குதிரை! டென்மார்க் நாட்டுக்காரர்கள் வைத்த பெயர்.

அடுத்து, 'கோஹா-கிரியேட்' என்ற கட்டளை. இது நூலகத்துக்கு என்று தனிக் கணக்கு திறக்கும். ஊர்ப் பெயரையே வைக்கலாம்.

இரண்டு வாசல்

புதிதாக நிறுவுகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு.

கோஹாவுக்கு இரண்டு வாசல். ஒன்று வாசகர்களுக்கு. புத்தகம் தேட அதில் வரலாம். மற்றொன்று நூலகருக்கு. புத்தகம் சேர்க்க, கொடுக்க, வாங்க.

கம்ப்யூட்டரில் வாசல்களுக்கு எண் உண்டு. வாசகர் வாசலுக்கு 80. நூலகர் வாசலுக்கு 8080 என்று வைப்பது வழக்கம். அப்பாச்சி இருக்கிறாரே, அவர் 80-ம் எண் வாசலில் மட்டும்தான் நிற்பார். 8080-லும் நிற்க வேண்டும் என்று அவருடைய குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால், நூலகர் எத்தனை முறை தட்டினாலும் கதவு திறக்காது. அரை நாள் மண்டையைக் குடைந்துகொண்ட பிறகு, அந்த ஒரு வரிதான் காரணம் என்று தெரியவரும்!

வாசல் திறந்ததும் கோஹாவே கேள்வி கேட்கத் தொடங்கும். நூலகத்தின் பெயர் என்ன? உறுப்பினர்கள் எத்தனை வகை? மாணவருக்கு எத்தனை புத்தகம்? எத்தனை நாள்? அபராதம் உண்டா? இதற்கெல்லாம் பதிலை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சுலபம்.

பழகியவருக்கு இத்தனையும் ஒரு பிற்பகல் வேலை. புதியவருக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

நூலகர் வாசலின் கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக் கூடாது. கணக்கில் புத்தகம் மட்டுமா இருக்கிறது? பெண் பிள்ளைகளின் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கின்றன. அந்த வாசலை நூலகக் கட்டிடத்துக்குள் மட்டும் திறந்து வைத்துக்கொண்டால் போதும். ஊருக்கெல்லாம் திறக்க வேண்டியதில்லை.

ஆறாயிரம் புத்தகம், நூறு நாள்

மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் உழைப்பு உண்டு.

ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வருஷம் எல்லாம் அடிக்க வேண்டும். கோடு கோடாக இருக்கும் பார்கோடு சீட்டு ஒட்ட வேண்டும். ஆறாயிரம் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அறுபது அடித்தால், நூறு நாள் ஆகும்! ஆங்கிலப் புத்தகங்களில் பலவற்றுக்கு வெளிநாட்டு நூலகங்களின் விவரத்தை அப்படியே நகல் எடுத்துக்கொள்ள வசதி உண்டு. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதியைக் கையால்தான் அடிக்க வேண்டியிருக்கும்.

அடிக்கும்போது ஒருங்குறியில் அடிக்க வேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் அடித்தால், திரையில் தமிழ் போலத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது தமிழ் அல்ல. தேடினால் கிடைக்காது. 1999-ம் ஆண்டு சென்னையில் நடந்த மாநாட்டில் முடிவான 'தமிழ் 99' விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் வேகம் வரும்.

ஆசிரியர் பெயரை எப்படி எழுதுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் 'மு. வரதராசன்' என்று அடிப்பார். இன்னொருவர் 'மு.வ.' என்பார். மூன்றாமவர் 'வரதராசனார், மு.' என்பார். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று பேர்! ஒரே எழுத்தாளரின் புத்தகங்கள் மூன்று வீட்டில் பிரிந்து கிடக்கும்.

அலமாரியும் சாவியும்

கோஹா கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. தினமும் முழுக் கணக்கையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த நகலை எங்கே வைக்கிறது? அதே கம்ப்யூட்டரில், அதே டிஸ்கில்! அலமாரிச் சாவியை அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். டிஸ்க் கெட்டால் கணக்கும் போச்சு, நகலும் போச்சு. நூறு நாள் உழைப்பு ஒரு மின்வெட்டில் போய்விடலாம். அதனால் சர்வருக்கு ஒரு யு.பி.எஸ். பெட்டி கட்டாயம் வேண்டும். இந்த வேலையில் கை காசு போட்டே தீர வேண்டிய செலவு அதுதான். பார்கோடு சீட்டும், அதைப் படிக்கும் கருவியும் அதற்கு அடுத்தபடி.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோஹாவின் புதிய பதிப்பு வருகிறது. இடையில் மாதா மாதம் திருத்தங்கள் வருகின்றன. திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறவர்களைத் தடுக்கும் திருத்தங்களும் அவற்றில் இருக்கும். அவற்றை விடாமல் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் நகல் எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒருவர் மட்டும் பழகியிருந்தால் போதாது. அவருக்கு மாற்றல் வந்துவிடும். மாணவர் என்றால் படிப்பு முடிந்து போய்விடுவார். கடவுச்சொற்கள் என்ன, கிடங்கின் முகவரி என்ன, எந்தக் கட்டளை எதற்கு என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி, பூட்டும் மேஜைக்குள் வைக்க வேண்டும். இரண்டாவது ஆள் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்தே, முதல் ஆளின் உதவி இல்லாமல், ஒரு தடவை முழுவதும் செய்து பார்க்க வேண்டும்.

அப்படி எடுத்த நகலை வாரம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து, வேறு கட்டிடத்தில் வைக்க வேண்டும். நூலகத்தில் மழைத் தண்ணீர் ஒழுகினாலும், அந்தக் கட்டிடத்தில் ஒழுகாமல் இருக்கும் அல்லவா?